கலையால் என்ன பயன்? ஒரு நீண்ட பதில்

கேள்வி இதுதான்: மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பணம் போதாத உலகத்தில் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நாடகத்துக்கும் எதற்குப் பொதுப்பணம்? இன்றைய சமூகத்தில் கலைக்கு உண்மையிலேயே ஒரு வேலை இருக்கிறதா, இல்லை வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கா? கூடவே ஒரு துணைக்கேள்வி: கேட்டவுடன் கணினியே படம் போட்டுத் தரும்போது கலைஞர் எதற்கு?

கலையில் ஈடுபாடு உள்ளவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் சுளிப்பதுண்டு. சுளிக்க வேண்டியதில்லை. நியாயமான கேள்விதான். ஒரு அரசாங்கமே இதை அதிகாரபூர்வமாகக் கேட்டு, நீதிமன்றம் வரை போய், பதிலும் வாங்கியிருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1926இல் ருமேனியச் சிற்பி கான்ஸ்டன்டின் பிரான்குசியின் படைப்புகள் பாரிசிலிருந்து கப்பலில் நியூயார்க் வந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் 'வானவெளியில் பறவை'. மெருகேற்றிய வெண்கலம், ஏறக்குறைய நாலரை அடி உயரம். இறகு இல்லை, அலகு இல்லை, கால் இல்லை. மேல்நோக்கி எழும் ஒரு மெல்லிய வளைவு மட்டும்தான். அமெரிக்கச் சட்டப்படி கலைப்படைப்புக்கு இறக்குமதி வரி கிடையாது. ஆனால் சுங்க அதிகாரிகள் இதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் பறவை எங்கே என்று தெரியவில்லை. சமையலறைச் சாமான்களும் மருத்துவமனைச் சாமான்களும் வரும் வகையில் சேர்த்து 40 சதவீத வரி போட்டுவிட்டார்கள்.

வழக்கு நடந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு, 1916இல், வேறொரு வழக்கில் வந்த தீர்ப்பு நடைமுறையில் இருந்தது: சிற்பம் என்றால் இயற்கையில் உள்ளதை, முக்கியமாக மனித உருவத்தை, அதன் அளவும் விகிதமும் மாறாமல் காட்ட வேண்டும். சிற்பத்தை வாங்கியிருந்த புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் சாட்சி சொல்ல வந்தபோது, காட்டில் இதைக் கண்டால் பறவை என்று சுடுவீர்களா என்றுகூட நீதிபதி தரப்பிலிருந்து கேட்டார்கள். 1928 நவம்பரில் தீர்ப்பு வந்தது. புதிய கலைப்போக்கு ஒன்று உருவாகியிருக்கிறது, அது உருவங்களைப் பிரதி எடுக்காமல் கருத்துகளைக் காட்ட முயல்கிறது, நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ அப்படி ஒன்று இருப்பதை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். பிரான்குசி வென்றார், வரி போயிற்று.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அது கலைதான் என்று காட்ட, அதனால் நடைமுறைப் பயன் எதுவும் இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றிவைக்கவோ எதையாவது மாட்டிவைக்கவோ முடிந்திருந்தால் பிரான்குசி தோற்றிருப்பார். சட்டத்தின் கண்ணில் பயனின்மைதான் கலையின் அடையாள அட்டை. அப்படியிருக்க, நூறு வருடம் கழித்து நாம் கலையிடம் பயனைக் காட்டச் சொல்கிறோம். கலையின் ஆதரவாளர்களும் பதறிப்போய் எதையெதையோ எடுத்துக் காட்டுகிறார்கள். அவர்கள் காட்டுவதில் பாதி, என் பார்வையில், கலைக்கே கெடுதல்.

முதலில் விலையை ஒதுக்கிவிடலாம். லியொனார்டோ டா வின்சி வரைந்ததாகச் சொல்லப்படும் 'சால்வடோர் முண்டி' ஓவியம் 2005இல் ஒரு சாதாரண ஏலத்தில் 1,175 டாலருக்குப் போனது. 2017 நவம்பரில் நியூயார்க்கில் 45 கோடி டாலருக்கு விற்றது. இடையில் பழைய மேற்பூச்சுகளை நீக்கிச் சீர்செய்தார்கள். யார் வரைந்தது என்பதுபற்றிய நிபுணர்களின் கருத்தும் மாறியது. விற்றபின் அந்த ஓவியம் பொதுமக்கள் பார்வைக்கு வரவே இல்லை. ஆக, ஏலத்தில் உலகிலேயே அதிக விலை பெற்ற ஓவியம் இப்போது யாருக்கும் எதுவும் செய்யாமல் எங்கோ இருக்கிறது. சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம் ஒன்று 2024இல் 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் அதைச் சாப்பிட்டும் விட்டார். இந்தச் செய்திகள் பணக்காரர்களிடம் எவ்வளவு பணம் புரள்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. கலையின் மதிப்பைப் பற்றிப் பேச இவற்றை எடுத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் கோபம்தான் மிஞ்சும்.

அடுத்தது பயன். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் இதில் உண்மையும் இருக்கிறது, கதையும் இருக்கிறது.

1993இல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்ன ஆய்வுக் குறிப்பு வந்தது. 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மொசார்ட்டின் பியானோ இசையைக் கேட்ட பிறகு, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி வரும் என்று மனதில் கற்பனை செய்வது போன்ற ஒருவகைத் தேர்வில் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்த விளைவு கால் மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. ஆய்வு சொன்னது அவ்வளவுதான். அது எப்படியோ உருண்டு திரண்டு 'மொசார்ட் கேட்டால் குழந்தை அறிவாளியாகும்' என்று ஆனது. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கச் சொன்னார். பிற்பாடு மற்றவர்கள் செய்து பார்த்தபோது, பிடித்த கதை ஒன்றைக் கேட்டாலும் அதே அளவு விளைவு வந்தது. மனம் உற்சாகமாக இருந்தால் தேர்வு கொஞ்சம் நன்றாக வரும். அதற்கு மொசார்ட்தான் வேண்டும் என்பதில்லை.

இதை வைத்து, கலையால் உடலுக்கோ மனதுக்கோ ஒன்றுமே ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. நோயைத் தடுப்பதிலும் நோயோடு வாழ்வதிலும் கலை ஈடுபாட்டுக்கு ஒரு பங்கு உண்டு என்றது. பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்காக நியூயார்க்கின் புரூக்ளினில் 2001இல் ஒரு நடனக்குழு தொடங்கிய வகுப்பு இன்று பல நாடுகளில் நடக்கிறது. கைகால் சொன்னபடி கேட்காத ஒருவர் தாளத்தோடு நடக்கிறார் என்றால் அது பெரிய விஷயம்தான்.

ஆனால் இதையே கலையின் ஆதாரமாக வைத்து வாதாடினால் ஒரு சிக்கல் வரும். மன அழுத்தம் குறைகிறது என்பதற்காக ஓவியத்தை ஆதரித்தால், அதைவிட மலிவாக மன அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை வந்த நாளில் ஓவியத்தைக் கைகழுவ வேண்டியிருக்கும். சுற்றுலா வருமானத்துக்காக அருங்காட்சியகம் என்றாலும் இதே கதைதான். 1997இல் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்து, தொழில் நசிந்துபோன அந்த ஊருக்குக் கூட்டம் வர ஆரம்பித்ததும், உலகம் முழுக்க நகராட்சிகள் விசித்திரமான கட்டடம் ஒன்றைக் கட்டினால் போதும், பணம் கொட்டும் என்று கிளம்பின. நிறைய இடங்களில் கட்டடம் மட்டும் நின்றது. சுற்றுலாப் பயணிதான் இலக்கு என்றால் கேளிக்கைப் பூங்காவே அதைச் சுலபமாகச் செய்துவிடும்.

சரி, இதெல்லாம் இல்லை என்றால் வேறு என்ன?

என் பதில்: ஒருவரையொருவர் அறியாத லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்து வாழும் நவீன சமூகத்தில், எல்லாரும் ஒரே பொருளின் முன்னால் வந்து நின்று, அதைப்பற்றி மாறுபட்டுப் பேசக்கூடிய ஒரு சந்தர்ப்பத்தைக் கலை உண்டாக்குகிறது. முன்பெல்லாம் அதற்குத் தனியாக ஏற்பாடு தேவைப்படவில்லை. பாட்டும் சிற்பமும் கூத்தும் வழிபாட்டோடோ அரசவையோடோ அறுவடையோடோ ஒட்டியிருந்தன. அவற்றின் பொருள் என்ன என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை; சடங்கு அதைச் சொல்லிவிடும். பொது நம்பிக்கை இல்லாத, பொதுச் சடங்கும் குறைந்த சமூகத்தில் அந்த இடம் காலியாகிறது. பாரிசின் லூவ்ர் அரண்மனை 1793 ஆகஸ்ட் 10ஆம் தேதி, முடியாட்சி விழுந்து சரியாக ஒரு வருடம் ஆன நாளில், பொது அருங்காட்சியகமாகத் திறந்தது. அரசர் சேர்த்துவைத்த ஓவியங்கள் இனி குடிமக்களின் சொத்து. சொத்து கைக்கு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அன்றிலிருந்து இன்றுவரை ஓடும் கேள்வி.

பொதுவாகச் சொன்னால் இது காற்றில் பேசுவது போலிருக்கும். ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு விரிவாகப் பார்க்கிறேன்.

வியட்நாம் போர் அமெரிக்கச் சமூகத்தை இரண்டாகப் பிளந்தது. அந்தப் போர் சரியா தவறா என்பதில் உடன்பாடு இல்லாததால், செத்தவர்களுக்கு எப்படித் துக்கம் காப்பது என்பதிலும் உடன்பாடு இல்லை. திரும்பி வந்த சிப்பாய்களில் சிலர் சேர்ந்து தனியாரிடம் நிதி திரட்டி, வாஷிங்டனில் நினைவுச்சின்னம் வைக்கப் போட்டி அறிவித்தார்கள். நிபந்தனைகளில் இரண்டு முக்கியமானவை: இறந்தவர், காணாமல்போனவர் அனைவரின் பெயரும் இருக்க வேண்டும், போரைப்பற்றி அரசியல் கருத்து எதுவும் சொல்லக் கூடாது. 1,421 பேர் வடிவமைப்பு அனுப்பினார்கள். யார் அனுப்பியது என்று நடுவர்களுக்குத் தெரியாது. 1981இல் வென்றது யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவி, மாயா லின்.

அவர் கொடுத்தது மிக எளிமையானது. பூமிக்குள் இறங்கும் இரண்டு கருப்புச் சுவர்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 75 மீட்டர் நீளம், நடுவில் ஒரு கோணத்தில் சந்திக்கும். ஒரு சுவர் லிங்கன் நினைவகத்தைச் சுட்டும், மற்றது வாஷிங்டன் நினைவுத்தூணை. சுவர் முழுக்கப் பெயர்கள், ராணுவப் பதவி எதுவும் இல்லாமல். (கல் பெங்களூருப் பகுதியிலிருந்து போனது.)

எதிர்ப்பு கடுமையாக வந்தது. போரில் காயம்பட்டுத் திரும்பிய ஒருவர் அதை அவமானத்தின் கருப்புக் காயம் என்றார். மற்ற நினைவுச்சின்னங்கள் எல்லாம் வெள்ளையாக உயர்ந்து நிற்கும்போது எங்களுக்கு மட்டும் ஏன் கருப்பாக, பள்ளத்தில் என்று கேட்டார்கள். லின் சீன வம்சாவளி என்பதையும் சிலர் இழுத்தார்கள். துறை அமைச்சர் கட்டுமான அனுமதியையே நிறுத்திவைத்தார். கடைசியில் ஒரு சமரசம்: அருகில் கொடிமரமும் மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலையும் வைப்பது. 1982 நவம்பரில் சுவர் திறந்தது, சிலை 1984இல் வந்தது.

இப்போது அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலை நன்றாகச் செய்யப்பட்ட சிலை, குறை சொல்ல முடியாது. அது சிப்பாய் எப்படி இருந்தார் என்று சொல்கிறது, பார்க்கிறோம், நகர்கிறோம். சுவர் எதையுமே சொல்வதில்லை. கல் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருப்பதால் பெயர்களின்மேல் பார்க்கிறவர் முகம் தெரிகிறது. பெயர்கள் அகர வரிசையில் இல்லை, இறந்த நாள் வரிசையில் இருக்கின்றன. இது கட்டட நுணுக்கம்போலத் தோன்றும், உண்மையில் மொத்தப் படைப்பும் இதில்தான் நிற்கிறது. அகர வரிசையில் போட்டிருந்தால் அது ஒரு தொலைபேசிப் புத்தகம். ஒரே பெயர் அடுத்தடுத்துப் பலமுறை வந்து, யாரும் யாரோ ஆகிவிடுவார். நாள் வரிசையில் போட்டதால் ஒரே சண்டையில் செத்தவர்கள் சேர்ந்தே இருக்கிறார்கள். உயிரோடு திரும்பிய ஒருவர் தன்னுடைய ஒரு நாளை அந்தச் சுவரில் கண்டுபிடிக்கலாம். வரிசை நடுக்கோணத்தில் தொடங்கி வலது ஓரத்துக்குப் போய், இடது ஓரத்தில் மறுபடி ஆரம்பித்து நடுவில் முடிகிறது. முதலில் இறந்தவரும் கடைசியில் இறந்தவரும் கோணத்தின் இரு பக்கமும் இருக்கிறார்கள்.

திறந்த நாளிலிருந்தே மக்கள் சுவரின் அடியில் பொருள்களை வைக்க ஆரம்பித்தார்கள்: கடிதம், பூட்ஸ், பதக்கம், புகைப்படம். யாரும் வைக்கச் சொல்லவில்லை. வடிவமைப்பிலும் அப்படி எதுவும் இல்லை. இதுவரை சேர்ந்தவை லட்சக்கணக்கில். தேசியப் பூங்காத் துறை அவற்றைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. சிலர் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரைப் படியெடுத்துப் போகிறார்கள். போரை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் ஒரே சுவருக்கு முன்னால் நிற்கிறார்கள், அவரவர் கருத்தை மாற்றிக்கொள்ளாமலே. அரசின் அறிக்கையோ வரலாற்றுப் புத்தகமோ பாராளுமன்றத் தீர்மானமோ செய்ய முடியாமல் போனதை இது செய்தது. கலைக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

எல்லா முறையும் இப்படி நடப்பதில்லை. அதே 1981இல் நியூயார்க்கில் அரசு அலுவலக வளாகத்து முற்றத்தில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 120 அடி நீளமும் 12 அடி உயரமும் உள்ள ஒரு வளைந்த இரும்புச் சுவரை நிறுத்தினார். அரசே பணம் கொடுத்து வைக்கச் சொன்ன படைப்பு. அங்கே வேலை பார்த்தவர்கள் முற்றத்தைக் குறுக்கே கடக்க முடியாமல் தினமும் சுற்றிப் போக வேண்டியிருந்தது. இடத்தை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று உணரவைப்பதுதான் நோக்கம் என்பது சிற்பியின் பக்கம். நாங்கள் உணர்ந்துவிட்டோம், இப்போது எடுங்கள் என்பது ஊழியர்களின் பக்கம். 1985இல் பொது விசாரணை நடந்தது. வந்து பேசியவர்களில் 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். ஆனாலும் எடுப்பதென்று முடிவாகி, 1989இல் ஓர் இரவில் அறுத்து எடுத்துவிட்டார்கள்.

நான் செர்ராவின் ரசிகன். இருந்தும் இந்த விஷயத்தில் ஊழியர்கள் பக்கம்தான் சாய்கிறேன். அருங்காட்சியகத்துக்குள் போவது என் விருப்பம். அலுவலகத்துக்குப் போகிற வழியில் எனக்கு விருப்பம் கேட்கப்படவில்லை. இருந்தாலும் ஒன்றை மறுக்க முடியாது. ஒரு முற்றம் யாருக்குச் சொந்தம், அங்கே வேலை பார்ப்பவருக்கா, வரி கட்டும் எல்லாருக்குமா, அதை வடிவமைத்தவருக்கா என்று அந்த ஊர் அவ்வளவு தீவிரமாக யோசித்தது அந்த இரும்புத் தகட்டினால்தான்.

நினைவுகூரலில் இன்னொரு படைப்பைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நவீன கலையின் வழக்கமான இடம் எதிலும் இல்லை. ஜெர்மன் கலைஞர் குந்தர் டெம்னிக் 1990களில் தொடங்கிய இடறுகற்கள். பத்து சென்டிமீட்டர் கல், மேலே பித்தளைத் தகடு. நாஜிகள் இழுத்துப்போன ஒருவர் கடைசியாகத் தன் விருப்பப்படி வாழ்ந்த வீட்டின் முன்னால், நடைபாதையில் பதிக்கிறார்கள். 'இங்கே வாழ்ந்தார்' என்று ஆரம்பிக்கும்; பெயர், பிறந்த ஆண்டு, என்ன ஆனார் என்பது. ஒருவருக்கு ஒரு கல். 2023க்குள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் அடித்துப் பதிக்கிறார்கள். கொலைகள் தொழிற்சாலைபோல் நடந்தன, நினைவும் தொழிற்சாலையில் ஆகக் கூடாது என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம்.

மியூனிக் நகரம் பொது நடைபாதைகளில் இதை அனுமதிக்க மறுத்தது. காரணம், தப்பிப் பிழைத்த யூதர்களில் சிலரே எதிர்த்தார்கள்: அன்று மிதிக்கப்பட்டவர்களின் பெயரை இன்றும் மிதிக்கவா? மறுபக்கம், பெயரைப் படிக்க வேண்டுமென்றால் குனிந்தாக வேண்டும், அது வணங்குவதுதானே என்கிறார்கள். இரண்டு பக்கமும் அசட்டையாகப் பேசவில்லை. இப்படி ஒரு வாக்குவாதம் நடக்கும் ஊரில் அந்த மனிதர்களை மறப்பது கடினம்.

கலைக்கு வலிமை இல்லை என்று நினைப்பவர்கள், அதிகாரத்தில் இருப்பவர்கள் அதை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கலாம். 1937 ஜூலையில் மியூனிக்கில் நாஜிகள் இரண்டு கண்காட்சிகளை அடுத்தடுத்த நாளில் திறந்தார்கள். ஒன்று அவர்கள் போற்றிய கலை. மற்றது 'சீரழிந்த கலை' என்று பெயரிட்டு, அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த சுமார் 650 படைப்புகளைக் கோணல்மாணலாக மாட்டி, சுவரில் கேலி வாசகம் எழுதிவைத்தது. நாலே மாதத்தில் 20 லட்சம் பேருக்குமேல் வந்தது இந்த இரண்டாவதுக்குத்தான். போற்றப்பட்ட கலைக்கு அதில் ஒரு சிறு பங்குதான். வந்தவர்கள் எல்லாரும் ரசிக்க வந்தார்கள் என்று சொல்லமாட்டேன், பலர் சிரிக்கத்தான் வந்தார்கள். அதே வருடம் ஏப்ரல் 26 அன்று குண்டுவீசி அழிக்கப்பட்ட ஸ்பானிய ஊரைப்பற்றி பிக்காசோ வரைந்த 'குவெர்னிகா' பாரிசில் வைக்கப்பட்டது. அதன் நெசவுப் பிரதி ஒன்று பிற்பாடு ஐ.நா. பாதுகாப்புச் சபை வாசலுக்கு வெளியே தொங்கியது. 2003 பிப்ரவரியில் இராக்மீது போர் தொடுப்பதுபற்றி அங்கே பேச்சு நடந்த நாள்களில் அதை நீலத் திரையால் மூடினார்கள். தொலைக்காட்சிக் கேமராவுக்குப் பின்னணி சரியாக வர வேண்டும் என்று விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் 66 வருடப் பழைய படம் ஒன்று, செய்தியாளர் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தால் இடைஞ்சல் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் ஏமாற்று வேலை. கலை மனிதர்களை நல்லவர்களாக்கும் என்பதற்கு வரலாறு சாட்சி சொல்வதில்லை. நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங் ஆயிரத்துக்குமேல் ஓவியங்களைக் கொள்ளையடித்துச் சேர்த்தவர். அவற்றை ரசிக்கவும் செய்தார். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கைதிகளைக் கொண்டே இசைக்குழு நடத்தினார்கள். நுண்ணுணர்வு வேறு, அறம் வேறு. கலைக்கல்வி கொடுத்தால் குற்றம் குறையும் என்றெல்லாம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். கலை, சர்வாதிகாரத்துக்கும் நன்றாகவே வேலை செய்யும்; பிரசாரச் சுவரொட்டிகளில் வடிவமைப்பாகப் பார்த்தால் அருமையானவை நிறைய. நான் சொல்வதெல்லாம், திறந்த சமூகத்தில் ஒரே படைப்பைப் பலர் பலவிதமாகப் படிக்க விடுகிறோம், அந்தச் சுதந்திரம் இருக்கும் இடத்தில்தான் கலை மேலே சொன்ன வேலையைச் செய்யும் என்பதே.

அப்புறம் கணினி.

2022இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், மிட்ஜர்னி என்ற மென்பொருளைக் கொண்டு உருவாக்கிய படம் டிஜிட்டல் கலைப் பிரிவில் முதல் பரிசு வாங்கியது. பெரிய ரகளை ஆனது. 2025 மார்ச்சில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், மனித ஆசிரியர் இல்லாத படைப்புக்கு அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை கிடையாது என்றது. சட்டம் இன்னும் எங்கெங்கோ போகும்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கொண்டிருக்கின்றன. ஒன்று பிழைப்பு. புத்தக அட்டை, விளம்பரம், பத்திரிகை ஓவியம் என்று வரைந்து சம்பாதித்தவர்களுக்கு அடி விழுந்திருக்கிறது, இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. 1839இல் தாகெரின் புகைப்பட முறை வெளியானபோது சிற்றுருவ ஓவியர்களுக்கு நடந்தது இதுதான். கைக்கு அடக்கமாக முகம் வரைந்து கொடுத்த ஒரு தொழில் இருபது முப்பது வருடத்தில் காணாமல்போனது. ஓவியம் பிழைத்தது, அந்த ஓவியர்களில் பலர் பிழைக்கவில்லை. 'ஓவியம் அழியவில்லை பார்' என்று இன்றைக்கு ஆறுதல் சொல்பவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள். இன்னொரு வேறுபாடும் உண்டு: கேமரா ஓவியர்களின் வேலையை எடுத்துத் தின்று வளரவில்லை. இன்றைய படக்கருவிகள் கலைஞர்களின் படங்களைக் கோடிக்கணக்கில் எடுத்துப் பயின்றவை, பெரும்பாலும் கேட்காமல்.

இரண்டாவது கேள்வி, கணினி செய்வது கலையா என்பது. எனக்கு அதில் பெரிய பதற்றம் இல்லை. அழகான படம் கிடைப்பது இப்போது சுலபம், அதனால் அழகான படம் என்பது மட்டுமே போதாது. ஒரு படைப்பின் முன்னால் நிற்கும்போது, இதை இப்படி வைக்க ஒருவர் முடிவு செய்தார், வேறுமாதிரி வைத்திருக்கலாம், ஏன் வைக்கவில்லை என்று கேட்கிறோம். பெயர்களை நாள் வரிசையில் போட்டதற்கு லின் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார், அதற்காகத் திட்டும் வாங்கினார். பதில் சொல்ல ஆள் இருக்கிறது என்பதே வாக்குவாதத்துக்கு அடிப்படை. மென்பொருளைப் பயன்படுத்துகிறவர் அப்படி ஒவ்வொரு முடிவுக்கும் பொறுப்பேற்று நின்றால் அவரும் கலைஞர்தான், கருவி என்ன என்பது இரண்டாம் பட்சம். யாரும் பொறுப்பேற்காத படத்தை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

சரி, பணத்துக்கு வருகிறேன். கலைக்குப் பொதுப்பணம் தேவைப்படுவதற்கு ஒரு சாதாரணப் பொருளாதாரக் காரணம் இருக்கிறது. வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966இல் விளக்கியது இது. தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்ய ஆகும் உழைப்பு வருடாவருடம் குறைகிறது, கூலி ஏறுகிறது. நாலு பேர் வாசிக்கும் ஒரு இசைக்கோவைக்கு இருநூறு வருடம் முன்பும் நாலு பேர்தான், அதே அரை மணி நேரம்தான். வேகமாக வாசித்தோ ஓர் ஆளைக் குறைத்தோ மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் அவர்களுக்கும் ஊரில் உள்ள மற்றவர்களைப்போல் கூலி ஏறித்தான் ஆக வேண்டும். அதனால் மேடைக்கலைகள், யாரும் வீணாக்காமலே, மற்றவற்றைவிட விலை ஏறிக்கொண்டே போகும். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் ஏன் செலவு ஏறுகிறது என்பதற்கும் காரணம் இதேதான் என்பது கவனிக்க வேண்டியது. கேள்வியில் எதிரெதிராக நிறுத்தப்பட்டவை உண்மையில் ஒரே நோய் பிடித்தவை.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்க அரசு, வேலையற்றவர்களுக்குச் சாலை போடும் வேலை கொடுத்ததுபோலவே கலைஞர்களுக்கு வரையும் வேலை கொடுத்தது. 1935 முதல் 1943 வரை ஆயிரக்கணக்கான கலைஞர்கள் அந்தச் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். பள்ளி, மருத்துவமனை என்று மக்கள் அதிகம் வந்துபோகும் இடங்களின் சுவர்களிலும் வரைந்தார்கள். பிற்பாடு பெரும்புகழ் பெற்ற ஓவியர்களான ஜாக்சன் பொல்லாக், லீ கிராஸ்னர், மார்க் ராத்கோ எல்லாரும் அதில் சம்பளம் வாங்கியவர்கள், அப்போது யாருக்கும் அவர்களைத் தெரியாது. திட்டம் முடிந்தபோது கிடங்கில் மிஞ்சிய ஓவியங்களில் ஒரு பகுதியை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அதில் எது நல்லது எது மோசம் என்று அப்போது யாராலும் சொல்லியிருக்க முடியாது என்பதுதான் இதில் கற்றுக்கொள்ள இருப்பது.

எனவே கலைக்குப் பணம் கொடுக்கும் அரசு, எது உன்னதம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையை முடிந்தவரை குறைத்துக்கொள்வது நல்லது. அயர்லாந்து 2022இல் ஒரு பரிசோதனை செய்தது. தகுதி பெற்ற 8,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து 2,000 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, வாரம் 325 யூரோ கொடுத்தது. என்ன படைக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை, கணக்குக் காட்டவும் வேண்டியதில்லை. பணம் கிடைக்காத 1,000 பேரை ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாகக் கண்காணித்தார்கள். பணம் பெற்றவர்கள் வேறு வேலைக்கு ஓடுவதைக் குறைத்துக் கலைக்கு அதிக நேரம் கொடுத்தது தெரிந்தது. போட்ட ஒவ்வொரு யூரோவுக்கும் சமூகத்துக்கு 1.39 யூரோ திரும்பியது என்றும் ஒரு கணக்கு வந்திருக்கிறது. இந்த மாதிரிக் கணக்கைக் கலைக்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது என்று மேலே இவ்வளவு நேரம் சொன்னேன், அதனால் இதைக் கேட்டு நான் துள்ளிக் குதிக்க முடியாது. 2025 அக்டோபரில் திட்டத்தை நிரந்தரமாக்குவதாக அந்த அரசு அறிவித்தது.

குலுக்கல் என்பது சிலருக்கு அபத்தமாகத் தெரிகிறது. குழு வைத்துத் தேர்ந்தெடுத்தால், விண்ணப்பம் எழுதுவதில் தேர்ந்தவர்களே திரும்பத் திரும்ப வருவார்கள். நிதிக்குழுக்களோடு பழகிய யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். குலுக்கலில் எடுத்த அந்த 2,000 பேரில் பெரும்பாலானவர்களின் படைப்பு சுமாராகத்தான் இருக்கும். எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் படைக்கப்பட்டதில் பெரும்பகுதி சுமார்தான், மருத்துவ ஆராய்ச்சியில் பெரும்பகுதி எங்கும் போய்ச் சேராததுபோல. கேட்டவருக்கு இதில் உடன்பாடு இல்லாமல் போகலாம். வரிப்பணம் அவருடையதும்தான், அதனால் அவர் தன் ஊரில் அடுத்து வைக்கப்போகும் சிலையைப்பற்றியோ சுவரோவியத்தைப்பற்றியோ கூட்டம் கூட்டினால் போய் எழுந்து நின்று பேசட்டும்.